உப்புக்கு வாங்கியது

கோட்ரிச் துறைமுகத்தில் எடைப்பாலம் என் பொறுப்பு.
ஏரிக்கு அடியில் வெட்டிய உப்பு
லொறி லொறியாக என் யன்னலைக் கடக்கும்.
வெற்று எடை, மொத்த எடை, நிகர எடை.
கழித்தல் தெரிந்தால் போதும் இந்த வேலைக்கு.

லெஃப்தெரிஸ் அன்று மூன்றாவது நடை.
கதவைத் திறந்து ஒரு காலைத் தொங்கவிட்டபடி கேட்டான்:
"எங்கட ஆக்கள் இதைக் குடுத்து என்ன வாங்கினவை, தெரியுமோ?"
என்னோடு பேசிப் பேசி எங்கள் தமிழும் கொஞ்சம் அவனுக்கு.
தோல், என்றேன். மரம். தேன்.
"அதுவும்தான்," என்றான்.
"திரேசியரிட்ட, ஆக்களை."

கரையில் கிரேக்கன் உப்பைக் குவிப்பான்.
கடல் இல்லாத மலைக்காரன் இறங்கி வருவான்,
ஆட்டுக்கும் இறைச்சிக்கும் உப்பு வேண்டும் அவனுக்கு.
கையில் பிடித்துக் கூட்டி வந்ததை விட்டுவிட்டு
மூட்டையோடு திரும்புவான்.
ஏதென்ஸில் அதற்கு ஒரே சொல் இருந்ததாம்:
உப்புக்கு வாங்கியது.
மலிந்த சரக்கு என்று பொருள்.

எவ்வளவு உப்பு, என்று கேட்டேன்.
தொழில் பழக்கம்.
அவனுக்குத் தெரியவில்லை.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்:
நிகரம் முப்பத்தெட்டு டன்.

இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையை மூடினார்கள்.
பனி. லொறி இல்லை. ஹீட்டர் மட்டும் முனகியது.
பழைய சீட்டின் முதுகில் கணக்குப் போட்டேன்.
ஒரு கழுதை சுமப்பது இவ்வளவு,
ஒரு வீட்டுக்கு ஒரு குளிர்காலம் இவ்வளவு,
ஒரு சிறுமி
பென்சில் அங்கே நின்றது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறது நம் மொழி.
உப்புக்காக விட்டவரை?
மூட்டைக்கு அடியில் வளைந்துபோன அந்த முதுகை
அவள் எத்தனை நாள் நினைத்திருப்பாள்?

வாங்கியவன் அவளுக்கு இட்ட பெயர் த்ராத்தா.
திரேசியக்காரி. அவ்வளவுதான்.
பக்கத்து வீட்டிலும் ஒரு த்ராத்தா,
தண்ணீர்த் துறையில் இன்னும் மூன்று.
ஒருத்தியைக் கூப்பிட்டால் ஐந்து தலை திரும்பும்.

என் சட்டையில் 'ஷிவ்' என்று தைத்திருக்கிறது.
சிவதர்சினி பட்டைக்குள் கொள்ளாதாம்.
இரண்டும் ஒன்றல்ல.
எனக்குச் சம்பளம் உண்டு, பல்லுக்குக் காப்பீடு உண்டு,
நாளைக்கே வேலையை விடலாம்.
ஒன்றல்ல என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன்
ஆளில்லாத அறையில்.
ஆனாலும் கொழும்பில் ஓர் ஏஜென்சிக்காரன்
என்னைக் கரைசேர்க்க ஒரு தொகை சொன்னதும்,
அப்பா அதைக் குறைக்கப் பேரம் பேசியதும்
கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

யவனரைப் பற்றி நாங்கள் பெருமையாகத்தான் சொல்வோம்.
பொன் கொண்டு வந்தார்கள், மிளகு கொண்டு போனார்கள்.
மரக்கலத்தின் அடித்தட்டை
யார் இறங்கிப் பார்த்தார்கள்?

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.
பாலத்தின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தேன்,
யன்னலுக்குள் சிவப்பு எண்: அறுபது.
சப்பாத்தும் கோட்டும் சேர்த்து
நான் ஐம்பத்தெட்டு.
இருபது இருபதாகத்தான் எண்ணும் இந்தப் பாலம்.
இருபத்தாறு கிலோச் சிறுமி ஏறி நின்றால்
இருபது என்று காட்டும்.
மீதி ஆறு கிலோ
எங்கேயும் பதியாது.

ஐந்து மணிக்குச் சாலை திறந்தது.
முதல் வெளிச்சம் அவனுடைய லொறிதான்.
உன் பெயருக்கு என்ன அர்த்தம், என்றேன்.
"விடுதலையானவன்," என்றான்,
கண்ணைக் கசக்கியபடி, காப்பியைத் தேடியபடி.

வெற்று எடை பதினாறு டன்.
அதில் ஓட்டுநரும் அடக்கம்.
நிகரம் போடும்போது
அவனையும் சேர்த்தே கழித்துவிடுவோம்.